தமிழ் நிலத்தின் பழங்கடலைப் படித்த பெர்டினாந்து ஸ்டொலிச்கா

உப்புவெளியிலோ நிலாவெளியிலோ மாலை வேளையில் கரையோரமாக நடந்துவரும் நம் பிள்ளைகள் வெறுங்கையோடு வீடு திரும்புவதில்லை. சோழி, சிப்பி, உடைந்த சங்கு, வெள்ளை வெளேரென்ற கணவாய் ஓடு என்று எதையாவது பொறுக்கி வருவார்கள். இரண்டு நாள் கழித்து அம்மா அதைக் கூட்டி வெளியே கொட்டுவதும், பிள்ளை அழுவதும் திருகோணமலை வீடுகளில் வழக்கமான காட்சி.

இந்தக் கரையில் வளர்ந்தவர்களுக்கு இன்னொரு சங்கதியும் தெரியும். எல்லாச் சிப்பியும் எல்லா இடத்திலும் கிடைப்பதில்லை. தம்பலகாமக் குடாவின் சேற்றிலே, கண்ணாடித் தகடு போல ஒளி ஊடுருவும் தட்டையான ஒரு சிப்பி வாழ்கிறது. அதன் சிறு முத்துக்களுக்காக 19ஆம் நூற்றாண்டில் அங்கே குளிப்பு நடந்ததுண்டு. டொக்டர் கெலார்ட் என்ற இலங்கையர் அதை ஆராய்ந்திருக்கிறார். அதே சிப்பியைப் புறாமலைத் தீவைச் சூழ்ந்த பவளப் பாறைகளில் போய்த் தேடினால் கிடைக்காது. அங்கே பாறையைப் பற்றிக்கொண்டு வாழும் வேறு இனங்கள் உண்டு. அலை வந்து மோதும் மணற்கரையில் மற்றொரு கூட்டம். ஆகவே பழகிய ஒருவரிடம் ஒரு கை நிறையச் சிப்பிகளைக் கொடுத்தால், அவை சேற்றிலிருந்து வந்தனவா, பவளப் பாறையிலிருந்து வந்தனவா என்று அவர் சொல்லிவிடுவார்.

கடலே இல்லாத ஓர் இடத்தில், கல்லுக்குள்ளே சிப்பிகள் கிடைத்தால் என்ன செய்வது? அவற்றை வைத்துக்கொண்டு, அங்கே முன்னொரு காலத்தில் எப்படிப்பட்ட கடல் இருந்தது என்று சொல்ல முடியுமா? முடியும் என்று காட்டியவர்களுள் ஒருவரே பெர்டினாந்து ஸ்டொலிச்கா. புவிச்சரிதவியல் கற்றவர்கள் உலகெங்கும் அறிந்த பெயர் அது. அவர் படித்த பழங்கடலோ நம் அண்டை வீட்டுக் கடல். அரியலூர், பெரம்பலூர், திருச்சிராப்பள்ளிப் பகுதிகளை ஒரு காலத்தில் மூடிக் கிடந்த கடல். ஆயினும் தமிழ்க் குடும்பங்களில் அவர் பெயரைக் கேள்விப்பட்டவர் மிகச் சிலரே.

நம் திருகோணமலைப் பாறையில் உயிர்ச்சுவடுகளைத் தேடிப் பயனில்லை. கோணேசர் கோவில் நிற்கும் குன்றும் துறைமுகத்தைச் சூழ்ந்த மேடுகளும் பூமியின் ஆழத்தில் வெந்து நசுங்கி உருமாறிய பாறைகள்; ஐம்பது கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்டவை. சிப்பியோ சங்கோ அவற்றில் இல்லை. யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல்லில் உண்டு. கிணறு வெட்டியவர்கள் கண்டிருப்பார்கள். ஆனால் அது மயோசீன் காலத்தது, ஒப்பிட்டுப் பார்த்தால் அண்மைக் காலத்தது. நீரிணைக்கு அப்பால், கடலிலிருந்து வெகுதூரம் உள்ளே தள்ளி இருக்கும் அரியலூர் வட்டாரத்தில் கிடப்பவை ஏறத்தாழ 11 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 6½ கோடி ஆண்டுகளுக்கு முன் வரை படிந்த படைகள். இலங்கையோடும் இந்தியாவோடும் ஒட்டிக் கிடந்த அந்தாட்டிக்கா கண்டம் பிரிந்து விலகிய பின், தாழ்ந்த நிலத்தில் கடல் புகுந்தபோது உண்டானவை அவை.

ஸ்டொலிச்கா பிறந்ததோ கடலையே காணாத நாட்டில். இன்று செக் குடியரசின் பகுதியாக உள்ள மொராவியாவில், குரொமெரிஸ் நகருக்கு அருகே 1838 யூன் 7ஆம் நாள் பிறந்தார். தந்தை ஒரு வனக்காவலர். ஒலொமோக் பேராயருக்குச் சொந்தமான காடுகளைப் பராமரிப்பது அவர் தொழில். காட்டின் நடுவே ஒரு விடுதியில் பிறந்த பிள்ளைக்கு மரமும் பறவையும் பூச்சியும் கல்லும் விளையாட்டுத் தோழர்களானதில் வியப்பில்லை. குரொமெரிஸில் பாடசாலைக் கல்வி, பின்னர் பிராக்கிலும் வியன்னாவிலும் பல்கலைக்கழகப் படிப்பு. வியன்னாவில் அவருக்குப் புவிச்சரிதவியல் கற்பித்தவர் எட்வார்ட் சூவெஸ் என்ற பேரறிஞர். 1861இல் தூபிங்கன் பல்கலைக்கழகம் அவருக்குக் கலாநிதிப் பட்டம் வழங்கியது.

பட்டம் பெறுவதற்கு முன்னமே, 1859இல், அல்ப்ஸ் மலையின் வடகிழக்குப் பகுதிப் பாறைகளில் கிடைத்த நன்னீர்ச் சிப்பிகளைப் பற்றி அவர் ஒரு கட்டுரை எழுதினார். அப்போது அவருக்கு வயது இருபத்தொன்று. கடற்சிப்பிகளுக்கு நடுவே ஆற்றுச் சிப்பி கிடைத்தால், அங்கே கடல் விலகி ஆறோ குளமோ வந்திருக்கிறது என்று பொருள். அந்த வயதிலேயே அவர் கண் எதன்மேல் இருந்தது என்பதற்கு இது போதும்.

அக்காலத்தில் கல்கத்தாவிலிருந்த இந்தியப் புவிச்சரித ஆய்வுத் திணைக்களத்துக்குத் தோமஸ் ஓல்ட்ஹாம் என்ற அயர்லாந்துக்காரர் தலைவராக இருந்தார். நிலக்கரி தேடுவதற்காகத் தொடங்கிய திணைக்களம் அது. ஆனால் படைகளின் வயதை அறியாமல் நிலக்கரியையும் ஒழுங்காகத் தேட முடியாது, உயிர்ச்சுவடுகளை அறியாமல் படைகளின் வயதையும் அறிய முடியாது என்று ஓல்ட்ஹாம் உணர்ந்திருந்தார். அவர் அழைப்பின்பேரில் 1862இல் ஸ்டொலிச்கா இந்தியப் பணியில் சேர்ந்தார். வயது 24.

கல்கத்தாவில் அவருக்காகக் காத்திருந்தவை தமிழ் நாட்டிலிருந்து வந்த கற்கள். அவற்றின் கதையைக் கொஞ்சம் சொல்லத்தான் வேண்டும். 1840ஐ ஒட்டிய ஆண்டுகளில் சென்னை அரசாங்கத்தில் பணிபுரிந்த சார்ள்ஸ் கே, கன்லிப் என்ற இருவர் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிராப்பள்ளிப் பகுதிகளில் கற்சிப்பிகளைச் சேர்த்து லண்டனுக்கு அனுப்பினார்கள். எட்வார்ட் போர்ப்ஸ் என்ற ஆய்வாளர் 1846இல் அவற்றை விவரித்து, ஐரோப்பாவின் சுண்ணாம்புப் பாறைக் காலத்தவற்றோடு இவை ஒத்தவை என்று சொன்னார். அதன்பின் ஹென்றி பிளான்போர்ட் என்ற இளைஞர் 1857 தொடக்கம் அந்த வட்டாரத்தை அளந்து வரைபடம் வரைந்தார். எந்தப் படை கீழே, எந்தப் படை மேலே என்று கண்டு மூன்று தொகுதிகளாகப் பிரித்தார். அடியில் ஊட்டத்தூர்த் தொகுதி, நடுவில் திருச்சிராப்பள்ளித் தொகுதி, மேலே அரியலூர்த் தொகுதி. நம் ஊர்ப் பெயர்கள் இன்றும் உலகப் புவிச்சரித நூல்களில் அப்படியே நிற்கின்றன. வானிலை ஆய்விற் புகழ்பெற்ற பிளான்போர்ட்டும் இவரே. இந்திய வானிலைத் திணைக்களத்தின் முதல் தலைவராகப் பின்னர் விளங்கினார்.

பிளான்போர்ட் பக்கங்களை வரிசைப்படுத்தி வைத்தார். அந்தப் பக்கங்களில் இருந்த எழுத்துக்களை ஒவ்வொன்றாகப் பிரித்தறியும் வேலை ஸ்டொலிச்காவின் தலையில் விழுந்தது. பெட்டி பெட்டியாக வந்த கற்சங்குகளையும் கற்சிப்பிகளையும் துப்புரவாக்கி, அளந்து, படம் வரைவித்து, ஐரோப்பிய நூல்களோடு ஒப்பிட்டு, இனம் பிரித்துப் பெயரிட வேண்டும். அதுவும் கல்கத்தாவின் புழுக்கத்தில், ஐரோப்பாவிலுள்ள அருங்காட்சியகங்கள் எதுவும் எட்டாத தூரத்தில். முதலில் சுருண்ட ஓடுடைய அம்மனைற்று இனங்கள். அந்தப் பகுதி 1866இல் நிறைவுற்றது. அடுத்து சங்கு, நத்தை இனங்கள், 1868இல். பின்னர் இரட்டை ஓடுடைய சிப்பி இனங்கள், 1871இல். கடைசியாகப் பவளங்கள், கடலடியில் வாழும் முள்ளுடை உயிர்கள் முதலானவை, 1873இல். பாலியண்டொலொஜியா இண்டிக்கா என்ற வரிசையில் வெளிவந்த நான்கு பெரும் தொகுதிகள் இவை. முதலாவதில் ஒரு பகுதியைப் பிளான்போர்ட் எழுதியிருந்தார். மீதியெல்லாம் ஏறக்குறைய ஒரே மனிதரின் பத்தாண்டு உழைப்பு.

இந்த வேலையைச் செத்த ஓடுகளை மட்டும் வைத்துக்கொண்டு செய்ய முடியாது என்பது அவர் கொள்கை. ஓட்டின் வடிவத்தைப் பார்த்துப் பெயரிடுவதோடு பலர் நின்றுவிட்ட காலம் அது. அவரோ அந்தமான், நிக்கோபார், பர்மா, பினாங்கு என்று சென்ற இடமெல்லாம் உயிருள்ள நத்தைகளையும் சிப்பிகளையும் சேர்த்து, அறுத்து, உள்ளுறுப்புக்களைப் பார்த்தார். இந்த விலங்கு எதைத் தின்கிறது, எங்கே ஒட்டிக்கொள்கிறது என்று அறிந்தாலன்றி அதன் மூதாதையைப் பற்றி எதுவும் உறுதியாகச் சொல்ல இயலாது. என் எண்ணத்தில் அவருடைய பெருமை நான்கு தொகுதிகளின் பருமனில் இல்லை, இந்தப் பழக்கத்திலேயே இருக்கிறது.

அப்படிப் படித்தால் அரியலூர் வட்டாரம் என்ன சொல்கிறது? கல்லக்குடியை நம் வாசகர்களில் மூத்தவர்கள் அறிவார்கள். டால்மியாபுரம் என்ற பெயரை எதிர்த்து 1953இல் போராட்டம் நடந்த அதே ஊர்தான். அங்கே சீமெந்துத் தொழிற்சாலைக்காக வெட்டப்படும் சுண்ணாம்புக்கல்லில் பழைய பவளப் பாறையின் எச்சங்கள் உண்டு. பவளம் வளர வேண்டுமானால் வெதுவெதுப்பான, தெளிந்த, ஆழமற்ற நீர் வேண்டும். ஆகவே பழைய கருங்கல் நிலத்தின் ஓரத்தில் நம் புறாமலைக் கடல் போன்றதொரு கடல் முதலில் வந்து நின்றிருக்கிறது. அதற்கு மேலே காரை என்ற ஊருக்கருகில் களிமண் படைகள். அவற்றிலே பென்சில் துண்டு போன்ற கற்கள் ஏராளம். இவை பெலெம்னைற்று எனப்படும், கணவாய்க்கு உறவான ஒரு விலங்கின் உள்ளோடு. கணவாய் ஓட்டைக் கரையில் பொறுக்கும் பிள்ளைக்கு இதைப் புரியவைக்க அதிக நேரம் செல்லாது. நுண்ணிய களியும் நீந்தித் திரியும் உயிர்களும் சேர்ந்து காட்டுவது, கடல் ஆழமாகிக் கரை தூரப் போன காலத்தை.

அதற்கு மேலுள்ள திருச்சிராப்பள்ளித் தொகுதியில் மணலும் கூழாங்கல்லும் மிகுதி. கருடமங்கலத்தில் சங்கும் சிப்பியும் நெருக்கி அடைந்த ஒரு கல் கிடைக்கிறது. அதை மினுக்கி அலங்காரப் பொருட்கள் செய்வார்கள். திருச்சிராப்பள்ளிச் சலவைக்கல் என்று ஒரு காலத்தில் பெயர் பெற்றிருந்தது. இந்தப் படைகளில் கல்லாகிவிட்ட மரங்களும் உண்டு. சாத்தனூரில் 1940இல் எம். எஸ். கிருஷ்ணன் கண்டறிந்த மரம் 18 மீற்றர் நீளம். மரம் கடலில் முளைப்பதில்லை, ஆறு அடித்துக்கொண்டு வந்து போட்டிருக்க வேண்டும். எனவே கரை மறுபடியும் கிட்டே வந்துவிட்டது. இவ்வட்டாரத்துக் கல்மரங்கள் சிலவற்றில் புழு துளைத்த துவாரங்கள் இருக்கின்றன. நம் மீனவர் வள்ளத்தின் அடிமரத்தைத் துளைத்து நாசம் பண்ணும் அதே இனம்! புழு என்று நாம் சொன்னாலும் உண்மையில் அது மட்டிக்கு உறவு. அந்தத் துவாரத்தைக் கண்டால், மரம் உப்பு நீரில் சிலகாலமாவது கிடந்தது என்று துணிந்து கூறலாம்.

மேலே போனால் அரியலூர்த் தொகுதி. கல்லங்குறிச்சியில் தடித்த ஓடுடைய சிப்பிகள் குவியலாக இருக்கின்றன. அதற்கும் மேலே கல்லமேட்டில் கடலுயிர்கள் குறைந்து, டைனோசர் எனப்படும் பெரும் ஊர்வனவற்றின் எலும்புகள் வருகின்றன. கடல் பின்வாங்கி ஆற்று மணல் பரந்துவிட்டது. பின்னர் ஒருமுறை கடல் திரும்பி வந்து போனதற்கும் அடையாளம் உண்டு.

இந்த விவரம் முழுவதையும் ஸ்டொலிச்காவே எழுதிவிட்டார் என்று சொல்வது சரியன்று. பிளான்போர்ட்டின் வரைபடமும், அவருக்குப் பின் வந்த பலருடைய ஆய்வும் சேர்ந்தே இச்சித்திரம் உருவாயிற்று. ஆனால் எந்தச் சிப்பி எந்த இனம் என்று உறுதியாகத் தெரியாதிருந்தால் அவர்களில் எவரும் ஓர் அடிகூட முன்வைத்திருக்க இயலாது.

தமிழ் நாட்டுக் கற்களுக்கு நடுவே அவர் இமயமலைக்கும் போனார். 1864இலும் 1865இலும் ஸ்பிதிப் பள்ளத்தாக்கிலும் லடாக்கிலும் திரிந்து, அங்குள்ள படைகளை அடியிலிருந்து முடிவரை வரிசைப்படுத்தினார். கடல் மட்டத்துக்கு மேலே பல்லாயிரம் அடி உயரத்தில், கரிய களிப்பாறைகளில், அம்மனைற்றுகள் கொட்டிக் கிடக்கின்றன. இந்துப் பெருமக்கள் பூசையில் வைத்து வணங்கும் சாளக்கிராமக் கற்களில் பெரும்பாலானவை நேபாளத்துக் கண்டகி ஆற்றில் கிடைக்கும் இத்தகைய அம்மனைற்றுகளே. உலகின் மிக உயர்ந்த மலை ஒரு காலத்தில் கடலடி. ஸ்டொலிச்கா அங்கே இட்ட படைப் பெயர்கள் பல இன்றும் வழக்கில் உள்ளன.

ஓய்வு என்பதை அவர் அறிந்தவராகத் தெரியவில்லை. 1868 முதல் வங்காள ஆசியக் கழகத்தின் இயற்கைவரலாற்றுப் பிரிவுச் செயலாளர் பணியும் அவர் மேல் இருந்தது. பறவை, பாம்பு, தேள், சிலந்தி என்று அவர் எழுதாத பொருள் குறைவு. கச்சு நாட்டில் பாறை பார்க்கப் போனவர், அங்கே ஒரு புதிய சிறு குருவியை இனங்கண்டு 1872இல் வெளியிட்டார். அது இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது. இந்த மனிதர் வீட்டில் ஜெர்மன் பேசியதாகக் கருதப்படுகிறது.

1873இல் நான்காம் தொகுதி முடிந்தது. உடல் களைத்திருந்த நேரம். யாராயினும் ஊருக்குப் போய் ஓராண்டு இளைப்பாறியிருப்பார்கள். அவ்வேளையில் கஷ்கார் நாட்டை ஆண்ட யாக்கூப் பேக்கிடம் டக்ளஸ் போர்சைத் தலைமையில் ஒரு தூதுக்குழுவை இந்திய அரசாங்கம் அனுப்ப முடிவு செய்தது. புவிச்சரிதவியலாளர் எவரும் ஒழுங்காகப் பார்த்திராத கரகோரம் மலைகளைக் கடக்கும் பயணம் அது. இயற்கையாளராகச் செல்லும் வாய்ப்பு ஸ்டொலிச்காவுக்குக் கிடைத்தது. ஏற்றுக்கொண்டார். அது விவேகமா என்று கேட்பவர்கள் இருக்கலாம். எனக்கும் அக்கேள்வி உண்டு.

யூலை மாதம் ராவல்பிண்டியிலிருந்து சுமார் 350 பேரும் 550 சுமை மிருகங்களுமாகப் புறப்பட்டார்கள். லடாக்கைத் தாண்டி மேட்டு நிலத்தில் ஏறும்போதே ஸ்டொலிச்கா கடுமையாக நோயுற்றார். முதுகுத்தண்டைப் பற்றும் மெனிஞ்சைற்றிஸ் என்று வைத்தியர் கண்டார். பிழைப்பாரோ என்ற நிலை. மெல்லத் தேறி எழுந்து, குளிர்காலத்தை யார்க்கந்திலும் கஷ்காரிலும் கழித்து, 1874 வசந்த காலத்தில் பாமீர் மேட்டுக்கும் போய் வந்தார். கூடாரத்தில் மை உறையும் குளிரிலும் நாட்குறிப்பு எழுதுவதை அவர் விடவில்லை.

திரும்பும் வழியில் யூன் 16ஆம் நாள் குழுவினர் கரகோரம் கணவாயைக் கடந்தார்கள். உயரம் 18,000 அடிக்கும் மேல். அன்றே அவருக்குத் தாங்க முடியாத தலைவலி. ஆனால் கணவாயின் இருபுறமும் உள்ள பாறைகளை மறுபடி பார்க்கும் சந்தர்ப்பம் வராது என்று அவருக்குத் தெரியும். படுக்க வேண்டியவர் படுக்கவில்லை. பாறையைப் பார்க்கவென்று வழியை விட்டு விலகியும் போனார். யூன் 19ஆம் நாள் மூர்கோ என்ற ஆளரவமற்ற தங்குமிடத்தில் மூச்சுத் திணறி உயிர்விட்டார். அதற்குப் பன்னிரண்டு நாள் முன்புதான் முப்பத்தாறு வயது நிறைந்திருந்தது. மலை உச்சிகளில் காற்று மெலிந்திருப்பதால் மூளையிலும் நுரையீரலிலும் நீர் கோக்கும் நோயே காரணம் என்று இன்றைய வைத்தியர்கள் கருதுகிறார்கள். உடனே கீழே இறக்குவது ஒன்றே அதற்கு வழி. அன்று அதை அறிந்தவர் இல்லை.

உடலை லே நகருக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள். அரசாங்கம் அங்கே ஒரு நினைவுத் தூண் எழுப்பியது. பின்னாளில் மொராவியச் சபையின் மிஷனரிமார் லேக்கு வந்து பணியாற்றினார்கள்; அவர்களுடைய கல்லறைத் தோட்டத்தில்தான் அந்தத் தூண் இன்றும் நிற்கிறது. மொராவியாவில் பிறந்தவர், அந்நாட்டின் பெயரைத் தாங்கிய தோட்டத்திலேயே உறங்குகிறார்.

அவர் கொண்டுவந்த பொருட்களும் நாட்குறிப்பும் பத்திரமாகக் கல்கத்தா சேர்ந்தன. பலர் பங்கிட்டு ஆராய்ந்து 1878 முதல் 1891 வரை அவற்றை நூல்களாக வெளியிட்டார்கள். கரகோரம் கணவாயில் வழிப்போக்கர் காலால் உதைத்துச் செல்லும் உருண்டைக் கற்களும் அவற்றுள் இருந்தன. மார்ட்டின் டங்கன் என்பவர் 1879இல் அவற்றை வெட்டிப் பார்த்தபோது, கல்லுக்குள் நுண்ணிய குழாய்கள் தெரிந்தன. ஏதோ பழைய கடலுயிரின் எச்சம். அவற்றுள் ஒரு பிரிவுக்கு ஸ்டொலிச்காவின் பெயரையே சூட்டினார். அம்மனைற்று இனம் ஒன்றுக்கும் அவர் பெயர் வைக்கப்பட்டது.

தமிழ் நாட்டுக் கற்கள் பற்றிய நான்கு தொகுதிகளில் தவறே இல்லை என்று யாரும் சொல்லவில்லை. புதுச்சேரிப் படைகளை முன்னோர் கணித்தபடியே அவரும் மிகப் பழையவையாக வைத்திருந்தார். 1890களில் வார்த் என்பவர் அரியலூர், புதுச்சேரிப் பகுதிகளை மீண்டும் நுணுகிப் பார்த்துச் சேர்த்த உயிர்ச்சுவடுகளை பிரான்ஸ் கொஸ்மட் என்ற ஆய்வாளர் எடுத்துக்கொண்டு, புதுச்சேரிப் படைகள் அரியலூர்த் தொகுதியின் காலத்தவை என்று நிறுவினார். அந்தத் திருத்தம் செய்யப்பட்ட நகரம் வியன்னா. ஸ்டொலிச்கா இளைஞராகப் படித்து விட்டுவந்த அதே வியன்னா. அவருடைய தொகுதிகளை மேசைமேல் விரித்து வைத்துக்கொண்டு, கொஸ்மட் நம் ஊர்க் கற்களை ஒவ்வொன்றாக எடுத்து ஒப்பிட்டார்.